ஒன்பதாம் பாடத்தில் நின்றவர்

அன்று அந்தக் கூடத்தில் இருந்தவர்கள் இன்னார் என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். பழஞ்சொல் பயிற்சி நிலையத்தின் இயக்குநர் இருந்தார். பாடம் எடுத்த ஆசிரியை இருந்தார். சாவிகளுக்குப் பொறுப்பான அலுவலர் இருந்தார். மாணவர்கள் என்று எடுத்துக்கொண்டால் தீயணைப்பு வண்டி ஓட்டுநர், பொதுக் கல்லறையின் மேற்பார்வையாளர், தெருவிளக்குப் பிரிவின் ஏணிக்காரர், பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்து அம்மாள், குடிநீர்ப் பிரிவின் வால்வு மேஸ்திரி ஆகியோர். பிற்பாடு வந்து சேர்ந்தவர்கள் மேஸ்திரியின் மைத்துனன், மேஸ்திரியின் மகள், அந்த மகளைப் பெண் கேட்டிருந்த வீட்டு அம்மாள், அந்த அம்மாளின் அண்ணன். இவ்வளவு பேர்தான். ஊரே கூடி நின்று பார்த்தது என்று சொல்கிறவர்கள் எல்லோரும் அன்று அவரவர் வீட்டில் இருந்தவர்கள்.

வால்வு மேஸ்திரி என்றால் தெருவுக்கு அடியில் ஓடும் தண்ணீரைத் திறந்து மூடுகிறவர். ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புச் சாவி, அதன் தலையில் குறுக்குப் பிடி. அதைச் சைக்கிளில் சார்த்திக் கட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போவார். மூடியைத் தூக்கி, குழிக்குள் சாவியை இறக்கி, நின்ற நிலையிலேயே சுற்றுவார். குனிந்து வேலை செய்ய வேண்டியதில்லை என்பதில் அவருக்கு ஒரு திருப்தி. அந்தக் குடும்பத்தில் யாருக்கும் கூன் கிடையாது.

அவர்கள் வீட்டில் பணக்காரர் யாருமில்லை. பெரிய படிப்புப் படித்தவரும் இல்லை. ஆனால் சாட்சி சொல்வதற்காகக்கூட எவரும் காவல் நிலையப் படியை மிதித்ததில்லை. சொத்து என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் இருந்தது. அதைத் துடைத்துத் துடைத்து வைத்திருந்தார்கள்.

மகளுக்கு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. அதே மருத்துவமனையில் எலும்பு முறிந்தவர்களுக்கு நடக்கப் பழக்குகிற பையன் ஒருவன் இருந்தான். இருவருக்கும் ஒருவரை ஒருவர் பிடித்துப்போய், விஷயம் பெரியவர்கள் காதுக்கு வந்து, பையனின் தாயார் ஒரு முறை வீட்டுக்கு வந்து போனார். அவருக்கு ஏற்கெனவே ஒரு சூடு பட்டிருந்தது. மூத்த மகனுக்குப் பெண் எடுத்த இடத்தில், கல்யாணமான கையோடு சம்பந்தி ஒரு மோசடி வழக்கில் சிக்கிச் செய்தித்தாளில் படம் வந்துவிட்டது.

"எங்களுக்கு வேற எதுவுமே வேண்டாங்க" என்றார் அந்த அம்மாள். "பொண்ணோட அப்பாவைப் பத்தி ஊர்ல ஒரு சொல் இருக்கக் கூடாது. அது ஒண்ணுதான்."

"அதுக்கு நான் பொறுப்புங்க" என்றார் மேஸ்திரி. சொல்லும்போது அவர் குரல் சற்று உயர்ந்தது என்று அவர் மனைவி பிறகு சொன்னார்.

சனிக்கிழமை மாலை வந்து பேசி முடிப்பதாக ஏற்பாடு. சனிக்கிழமைதான் பழஞ்சொல் வகுப்பும்.

அந்த நிலையம் உண்டான விதத்தையும் சொல்ல வேண்டும். நகராட்சியின் முன்னாள் ஆணையர் ஒரு குழுவோடு அமெரிக்கா போய் வந்தார். கழிவுநீர் சுத்திகரிப்பைப் பார்க்கப் போன குழு. போன இடத்தில் மழை பிடித்துக்கொண்டதால் கழிவுநீரைப் பார்க்க முடியாமல் ஒரு நூலகத்தைப் பார்த்தார்கள். நூலகத்தார் ஒரு பெட்டி நிறையப் புத்தகம் கொடுத்து அனுப்பினார்கள். அந்த நாட்டில் முதன்முதலாகக் கப்பலில் போய் இறங்கியவர்களும் அவர்கள் பிள்ளைகளும் எழுதி வைத்தவை. பிரசங்கங்கள், கடல் கடந்த கதைகள், காட்டை வெட்டி வேலி போட்ட கதைகள், சின்னச் சின்ன ஊர்களின் தண்டனை விவரங்கள். ஆணையர் அவற்றை விமானத்தில் புரட்டினார். பாதி சொற்கள் அவருக்குப் புரியவில்லை. புரியாததைக் கண்டால் அவருக்கு மரியாதை வந்துவிடும்.

திரும்பி வந்ததும் ஒரு கூட்டம் போட்டுப் பேசினார். "அந்த மனிதர்கள் காட்டுக்குள் ஒரு நகரத்தை உண்டாக்கினார்கள். நாம் நகரத்துக்குள் ஒரு காட்டை உண்டாக்கிக்கொண்டிருக்கிறோம். காரணம் என்ன? அவர்களிடம் இருந்த சொற்கள் நம்மிடம் இல்லை. சாக்கடை அடைத்துக்கொண்டால் நாம் கம்பியைத் தேடுகிறோம். முதலில் சொல்லைத் தேட வேண்டும்."

அதன்படி, நகராட்சியில் எதற்காவது மேலாளாக இருப்பவர் எவரானாலும், அது ஓர் ஏணியாகவே இருந்தாலும், அந்தப் பழைய அமெரிக்கப் புத்தகங்களிலிருந்து சொற்களைக் கற்றுத் தேற வேண்டும் என்று உத்தரவாயிற்று. ஒரு வகுப்புக்கு வராவிட்டாலும் அவர் பெயர் நிலையத்தின் வாசலில், பேருந்து நிற்கும் இடத்துக்கு எதிரே, ஒரு பலகையில் எழுதப்படும். பலகையின் தலைப்பு 'சொல்லற்றவர்கள்'.

அந்தப் பலகைக்குப் பயந்து மேஸ்திரி ஒரு வகுப்பையும் விட்டதில்லை. காய்ச்சலோடும் ஒரு சனிக்கிழமை போயிருக்கிறார்.

நிலையம் ஒரு பழைய தபால் கிடங்கின் மாடியில் இருந்தது. நீளமான கூடம். சன்னல்களைத் திறக்க முடியாது, வண்ணம் பூசும்போது கதவுகளையும் சேர்த்துப் பூசிவிட்டார்கள். பெட்டியில் வந்த புத்தகங்கள் ஒரு கண்ணாடி அலமாரிக்குள் பூட்டி வைக்கப்பட்டிருந்தன. அவற்றை மாணவர்கள் தொடக் கூடாது. ஆசிரியைகூடக் கையுறை போட்டுக்கொண்டுதான் எடுப்பார்.

நிலையத்துக்கு இரண்டு கொள்கைகள். முதலாவது, பொருளைத் தொடாமல் சொல் ஒட்டாது. கப்பலில் தின்னும் தீனிக்கு அந்தப் புத்தகங்களில் 'விக்டுவல்ஸ்' என்று ஒரு சொல் வருகிறது. அதைக் கற்பிக்க, மாதக்கணக்கில் கெடாத பிஸ்கட் ஒன்றைச் சொல்லிச் செய்வித்துக் கொடுத்தார்கள். அதைக் கடித்துக் கல்லறை மேற்பார்வையாளரின் கடைவாய்ப் பல் உடைந்தது. சொல்லை முழுமையாகக் கற்ற முதல் மாணவர் என்று அவருக்குக் கைதட்டினார்கள். 'டெம்பஸ்ட்' என்றால் புயல். அதற்குத் தீயணைப்புக் குழாயைத் திறந்துவிட்டார்கள். ஏணிக்காரருக்குச் சளி பிடித்தது. 'யாண்டர்' என்றால் அதோ, அந்தத் தொலைவில் என்று பொருள். எல்லோரையும் மொட்டைமாடிக்கு அழைத்துப்போய்த் தொலைவைச் சுட்டிக்காட்டச் சொன்னார்கள். எதிரே ஒரு தொழிற்சாலைச் சுவர் மறைத்துக்கொண்டிருந்தது. "இப்போதைக்கு அதுவே தொலைவு" என்றார் ஆசிரியை.

இரண்டாவது கொள்கை, சொல்லைக் கற்காமல் அதன் செயலைச் செய்யக் கூடாது. முதல் இரண்டு வகுப்புகளிலும் மாணவர்கள் நின்றுகொண்டே இருந்தார்கள். உட்காருகிற பலகைக்கு உரிய சொல் மூன்றாம் பாடத்தில்தான் வந்தது. பதிவு அலுவலகத்து அம்மாள் கால் வலிக்கிறது என்று சொல்லிப் பார்த்தார். கால் பதினான்காம் பாடம் என்று பதில் வந்தது.

ஒன்பதாம் பாடத்தின் சொல் 'பில்லரி'.

கூடத்தின் நடுவில் துணி போட்டு மூடியிருந்ததை ஆசிரியை விலக்கினார். ஒரு மேடை. அதன்மேல் ஒரு மரத் தூண். தூணின் தலையில் கனமான பலகை, இரண்டாகப் பிளந்து மேல்பாதி திறக்கும்படி கீல் வைத்தது. நடுவில் கழுத்துக்கு ஒரு துளை, இரு பக்கமும் மணிக்கட்டுக்கு இரண்டு துளை. ஒரு பூட்டு.

"அக்காலத்தில் குற்றவாளியை ஊர் நடுவில் இதில் மாட்டி நிற்க வைப்பார்கள். போகிறவர் வருகிறவர் ஏசுவார்கள்" என்றார் ஆசிரியை. "யாராவது ஒருவர் வாருங்கள்."

தீயணைப்பு ஓட்டுநர் போனார். கழுத்து அடங்கவில்லை. ஏணிக்காரருக்கு உயரம் பற்றவில்லை, தொங்க வேண்டியிருந்தது. பதிவு அலுவலகத்து அம்மாளின் கொண்டை இடித்தது. கல்லறை மேற்பார்வையாளர் தன் தாடையைக் காட்டிக் கையெடுத்துக் கும்பிட்டார். எல்லோரும் மேஸ்திரியைப் பார்த்தார்கள்.

"மேடம், எனக்கு வீட்டுல சாயங்காலம் ஒரு காரியம் இருக்கு."

"பில்லரி சின்னச் சொல்தாங்க. சீக்கிரம் முடிஞ்சிடும்."

மேஸ்திரி கழுத்தை வைத்தார். கைகளை வைத்தார். மேல்பலகை இறங்கியது. தைத்து வைத்ததுபோல் பொருந்திவிட்டது. சாவி அலுவலர் வந்து பூட்டினார்.

பாடம் நன்றாகவே நடந்தது. சொல்லை எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள், தனித்தனியாகச் சொன்னார்கள், பலகையைத் தடவிப் பார்த்துச் சொன்னார்கள். மேஸ்திரியும் சொன்னார். முதுகு வளைந்து, முகம் தரையைப் பார்த்தபடி நின்றதால் எதிரே வருகிறவர்களின் முழங்காலுக்குக் கீழேதான் அவருக்குத் தெரிந்தது. வகுப்பு முடிந்தது என்று ஆசிரியை சொன்னதும் எல்லோர் காலும் வாசல் பக்கம் திரும்பியதைப் பார்த்தார்.

"மேடம், இதைக் கொஞ்சம் திறந்து விட்டீங்கன்னா…"

ஆசிரியையின் செருப்பு நின்றது. "திறக்கறதா?" பாடத்திட்டத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது. "திறக்கறதுக்கு உரிய சொல் 'அன்ஃபெட்டர்'. அது பத்தாம் பாடம். அடுத்த சனிக்கிழமை."

"சாவி இருக்கில்லீங்க?"

"சாவி என்கிட்டத்தான் இருக்கு" என்றார் சாவி அலுவலர். "இல்லைன்னு நான் எப்போ சொன்னேன்? இதோ பாருங்க." அவர் சாவிக்கொத்தை மேஸ்திரியின் முகத்துக்கு நேரே குனிந்து காட்டினார். "இதுதான் அந்தச் சாவி. இந்தச் சின்னது."

இயக்குநரை அழைத்து வந்தார்கள். இயக்குநருக்குப் பளபளக்கும் கறுப்புக் காலணி. அவர் சாதாரணமாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

"உங்கள் இக்கட்டு எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு சொல்லுக்கு முன்னால் அதன் செயலை அனுமதித்தால், இந்த நிலையம் எதற்கு? நீங்கள் வீட்டுக்குப் போய்விடுவீர்கள். ஆனால் எந்தச் சொல்லின் மூலமாகப் போனீர்கள் என்பது உங்களுக்கே தெரியாது. அப்படிப்பட்ட ஒரு விடுதலையை நான் உங்களுக்குக் கொடுக்க விரும்பவில்லை. இருந்தாலும் ஒரு வழி இருக்கிறது. மாணவர் ஒருவர், தான் இதுவரை கற்ற சொற்களை மட்டும் கொண்டு விண்ணப்பித்தால் பாடத்தை முன்னால் கொண்டுவருவது பற்றி யோசிக்கலாம்."

மேஸ்திரி யோசித்தார். 'பிரிதீ' என்றால் உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன் என்று பொருள், அது ஏழாம் பாடம். 'மெதிங்ஸ்' என்றால் எனக்குத் தோன்றுகிறது. இவை போக, கப்பல் தீனி, புயல், உட்காரும் பலகை, தொலைவு எல்லாம் தெரியும்.

"பிரிதீ" என்றார். "மெதிங்ஸ்… கழுத்து… யாண்டர்."

"கழுத்து பாடத்தில் வரவில்லை" என்றார் ஆசிரியை மெதுவாக.

"பிரிதீ, மெதிங்ஸ், யாண்டர்" என்றார் மேஸ்திரி.

இயக்குநர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "இந்த நிலையத்தைத் தொடங்கிய நாளிலிருந்து இவ்வளவு தூய்மையான ஒரு வாக்கியத்தை நான் கேட்டதில்லை" என்றார். "நகராட்சிக் கூட்டத்தில் இதை நான் எடுத்துச் சொல்லப்போகிறேன். ஆனால் என்ன வேண்டும் என்று இதில் இல்லையே. ஆகவே இதை விண்ணப்பமாக ஏற்க முடியாது. சாதனையாக ஏற்கலாம்."

அந்தச் சாதனையைக் குறித்து அவர் பேசத் தொடங்கியதால், வாசல் வரை போன மாணவர்கள் திரும்பி வந்து உட்கார வேண்டியதாயிற்று. தீயணைப்பு ஓட்டுநர் மேஸ்திரியைப் பார்த்த பார்வையில் நட்பு இல்லை.

பேச்சின் நடுவில் மைத்துனன் வந்து சேர்ந்தான். மனைவியின் தம்பி. வாய்த்துடுக்குக்காரன், ஆனால் அத்தான் என்றால் உயிர்.

"அத்தான், என்ன இது கோலம்? அங்கே எல்லாரும் வந்து உட்கார்ந்திருக்காங்க. அக்கா மூணாவது தடவை காபி போட்டுட்டா."

"மெதுவாப் பேசுடா. வால்வுல ஏதோ கோளாறு, அதைப் பார்க்கப் போயிருக்காருன்னு சொல்லிட்டு வா."

"சொன்னேனே. அந்தம்மாவோட அண்ணன், எந்தத் தெரு, நானும் வந்து ஒரு கை பிடிக்கறேன்னுட்டாரு. அப்புறம் அக்காவே உண்மையைச் சொல்லிட்டா, வகுப்பு இழுத்துட்டுப் போகுதுன்னு." மைத்துனன் பூட்டைப் பிடித்து ஆட்டினான். "யாருய்யா இதைப் பூட்டினது?"

"கையை எடுங்க" என்றார் சாவி அலுவலர். "பொதுச் சொத்து."

"உள்ளே மாட்டியிருக்கறது யாரு சொத்துய்யா?"

"அதுக்கு வேற பிரிவு."

"சாவியைக் கையில வெச்சுக்கிட்டு நிக்கறியே, உனக்கு வெக்கமா இல்லை?"

"சாவியைக் கையில வெச்சிருக்கறதுதான் தம்பி என் வேலை. திறக்கறது என் வேலைன்னு யாரு சொன்னாங்க?"

மைத்துனன் சட்டைக் கையை மடித்தான். "வேண்டாம்டா" என்றார் மேஸ்திரி. "அடிதடின்னு பேர் வந்துடும். இன்னிக்கு வேண்டாம்."

அவன் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டான். அவனுக்கும் அந்தக் குடும்பத்துப் பழக்கம்தான்.

அப்போது மாடிப்படியில் சத்தம் கேட்டது. மேஸ்திரி முதலில் மகளின் செருப்பைப் பார்த்தார். அவர் வாங்கிக் கொடுத்தது, வார் அறுந்து தைத்தது. அதற்குப் பின்னால் ஒரு பெண்ணின் தோல் செருப்பு. அதற்குப் பின்னால் ஓர் ஆணின் அகன்ற காலணி.

நடந்தது இதுதான். காத்திருந்து பார்த்த அந்த அம்மாள், "வகுப்புதானே, போற வழியிலதானே இருக்கு. நேர்லயே பார்த்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிடறோம்" என்று எழுந்துவிட்டார். வழி காட்ட மகள் வந்தாள். அப்பா நல்ல விஷயம் படித்துக்கொண்டிருப்பதை அவர்கள் பார்க்கட்டும் என்று அவளுக்கு உள்ளூரப் பெருமைகூட இருந்தது.

"அப்பா" என்றாள் மகள்.

நிலையத்துக்கு அதுவரை பார்வையாளர் என்று ஒருவரும் வந்ததில்லை. இயக்குநர் தன் பேச்சை அப்படியே நிறுத்திவிட்டு முன்னால் வந்தார். "வாருங்கள், வாருங்கள். பார்வையாளர்களை அன்றைய பாடத்தைக் கொண்டு வரவேற்பது எங்கள் வழக்கம். அது முடியும்வரை வேறு பேச்சுக் கூடாது. உட்காருங்கள். உட்காரும் சொல்லை நாங்கள் கற்றுவிட்டோம்."

ஆசிரியை கையுறை போட்டுக்கொண்டு அலமாரியைத் திறந்தார். மூலத்தை அவர் ஒரு வரி படிக்க, இயக்குநர் விருந்தினருக்குப் புரியும்படி தமிழில் உரக்கச் சொன்னார்.

"இதோ, பலகையில் நிற்கிற இம்மனிதனைப் பாருங்கள். இவன் தன் அயலானுடைய வாத்தைக் கவர்ந்தான். ஒருவரும் காணாத வேளையில் கவர்ந்தான். அதைத் தானும் தின்று தன் பிள்ளைகளுக்கும் தின்னக் கொடுத்தான். இவன் முகத்தை நன்றாய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். இவன் வாசலை மிதியாதிருங்கள். இவன் குமாரத்தியை உங்கள் குமாரருக்குக் கொள்ளாதிருங்கள்."

"இப்போது ஊரார்" என்றார் ஆசிரியை.

ஊராராக நடிக்க வேண்டியவர்கள் மாணவர்கள். பதிவு அலுவலகத்து அம்மாள் காற்றுப் போவதுபோல் மெல்ல "சீ" என்றார். ஏணிக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். கல்லறை மேற்பார்வையாளருக்கு வாய் திறக்கவில்லை, தலையை ஆட்டினார். தீயணைப்பு ஓட்டுநர் வீட்டுக்குப் போக முடியாத ஆத்திரத்தை எல்லாம் சேர்த்து, "த்தூ, வாத்துத் திருடன்" என்று கூரை அதிரச் சொன்னார்.

"அருமை" என்றார் இயக்குநர்.

"என்னண்ணா இது?" என்றார் அந்த அம்மாள்.

"வாத்தாம்" என்றார் அவர் அண்ணன்.

"அம்மா, இது பாடங்க" என்றார் மேஸ்திரி. அவருக்கு அவர்களுடைய முகம் தெரியவில்லை. செருப்பைப் பார்த்துத்தான் சொன்னார். "புத்தகத்துல இருக்கறது. நான் சும்மா நிக்கறேன்."

"சும்மா நிக்கறவரை எதுக்குங்க பூட்டணும்?" என்றார் அண்ணன். அவர் கெட்டவர் இல்லை. கேட்கத் தோன்றியதைக் கேட்டார்.

மகள் இயக்குநருக்கு முன்னால் போய் நின்றாள். "சார், இவர் எங்க அப்பா. இவர் எந்த வாத்தையும் எடுக்கலைன்னு நீங்களே இவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க."

இயக்குநர் யோசித்தார். அவர் பொய் சொல்லாதவர். "அம்மா, எடுத்தாரா இல்லையா என்பது குறித்து நிலையத்துக்குக் கருத்து எதுவும் கிடையாது. நாங்கள் சொற்களை மட்டும்தான் கவனிக்கிறோம். மனிதர்களைக் கவனிக்கத் தொடங்கினால் பாடத்திட்டம் முடியாது."

"நடக்கலைன்னு சொல்லக் கூடாதா சார்?"

"நடக்கவில்லை என்று சொன்னால், அந்தப் புத்தகம் பொய் சொல்கிறது என்று ஆகும். அது அமெரிக்காவிலிருந்து அன்பளிப்பாக வந்த புத்தகம்."

தோல் செருப்பு எழுந்து நின்றது. "நாங்க வர்றோம்மா" என்றார் அந்த அம்மாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். இரண்டு ஜோடிக் காலணிகள் படியிறங்கிப் போயின. மைத்துனன் விளக்கம் சொல்லிக்கொண்டே பின்னால் ஓடினான். அவன் வாத்து என்ற சொல்லை எத்தனை முறை சொன்னானோ, அத்தனைக்குக் காரியம் கெட்டது.

மாணவர்களும் போனார்கள். தீயணைப்பு ஓட்டுநர் மட்டும் மேஸ்திரியின் அருகில் வந்து, "தப்பா எடுத்துக்காதீங்கண்ணே, மார்க் போடறாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மகள் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து அப்பாவின் வாயருகில் பிடித்தாள். பாதி தாடை வழியாக வழிந்தது. கைக்குட்டையால் துடைத்துவிட்டாள்.

"அம்மா என்ன பண்றா?"

"பலகாரத்தை மூடி வெச்சிட்டு உட்கார்ந்திருக்காங்க."

"நீ போயேன். அம்மா தனியா இருப்பா."

"இருக்கட்டும்பா."

"அந்தப் பையன் நல்ல பையன்" என்றார் மேஸ்திரி தரையைப் பார்த்து.

"நல்லவர்தான்" என்றாள் அவள்.

வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது சாவி அலுவலருக்குக் கவலை வந்தது. கட்டடத்தை மூடும் நேரம். மூடும்போது உள்ளே ஆள் யாரும் இருக்கக் கூடாது என்று ஒரு விதி. பூட்டியிருக்கும் ஆளைப் பத்தாம் பாடத்துக்கு முன்னால் வெளியே விடக் கூடாது என்று இன்னொரு விதி. இரண்டும் அவர் பொறுப்பு. அவர் முகம் வெளுத்துவிட்டது. அன்று முழுவதும் மேஸ்திரிக்காக வெளுக்காத முகம் அது.

இயக்குநர் சற்று நேரம் நடந்து பார்த்தார். பிறகு பத்தாம் பாடத்தைச் சிறப்பு அமர்வாக இப்போதே நடத்திவிடலாம் என்றார்.

"அதை அப்பவே செஞ்சிருக்கலாமே சார்" என்றாள் மகள்.

"அப்போது கட்டடத்தை மூடும் நேரம் ஆகவில்லையே" என்றார் இயக்குநர்.

ஆசிரியை மறுபடியும் கையுறை போட்டுக்கொண்டார். சொல்லை மூன்று விதமாகச் சொல்லிக் காட்டினார். மேஸ்திரி திருப்பிச் சொன்னார். உணர்ச்சி போதாது என்று இன்னொரு முறை சொல்ல வைத்தார்கள்.

"'அன்ஃபெட்டர்' என்றால் நீங்கள் என்ன புரிந்துகொண்டீர்கள்? உங்கள் சொந்த அனுபவத்திலிருந்து சொல்லுங்கள்" என்றார் இயக்குநர்.

"திறந்து விடுங்க" என்றார் மேஸ்திரி.

"சுருக்கமாக இருக்கிறது. பரவாயில்லை."

சாவி அலுவலர் அந்தச் சின்னச் சாவியைப் போட்டுத் திறந்தார். பலகை எழுந்தது. மேஸ்திரி எழவில்லை. முதுகு நிமிர மறுத்தது. மகள் ஒரு பக்கம் தாங்கி அழைத்துக்கொண்டு படியிறங்கினாள். வீடு வரைக்கும் அவர் தெருவைப் பார்த்துக்கொண்டேதான் நடந்தார். எதிரே வந்தவர்கள், வெட்கத்தில் குனிந்து போகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஒரே வாரத்தில் ஒரு வாத்து இரண்டானது, இரண்டு ஒரு பண்ணையானது. கடைக்காரர், "மேஸ்திரி, இன்னிக்கு முட்டை மட்டும்தானா?" என்று கேட்டார். தெருக்களில் தண்ணீர் திறந்துவிடப் போனால் சைக்கிளில் கட்டியிருந்த இரும்புச் சாவியைக் குழந்தைகள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அந்த ஊரில் வாத்து வளர்க்கிறவர் ஒருவரும் இல்லை என்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

"என்னங்க, அந்த ஆபீஸ்லயே கேட்டு ஒரு விளக்கம் போடச் சொல்லுங்களேன்" என்றார் மனைவி. "அவங்க வாயாலயே சொன்னா நம்புவாங்க."

மேஸ்திரி போய்க் கேட்டார். இயக்குநர் மறுக்கவில்லை. தன் கைப்படவே எழுதினார். 'ஒன்பதாம் பாடத்தில் குறிப்பிடப்படும் வாத்தை வால்வு மேஸ்திரி கவர்ந்ததாக நிலையத்துக்கு இதுவரை தகவல் இல்லை. மற்ற வாத்துகளைப் பற்றி நிலையம் பொறுப்பேற்காது.' ஊரார் பார்க்கும்படி அதை வெளியே ஒட்டச் சொன்னார். நிலையத்துக்கு வெளியே இருந்தது ஒரே பலகைதான், பேருந்து நிற்கும் இடத்துக்கு எதிரே. 'சொல்லற்றவர்கள்' என்ற தலைப்பின் கீழ் அதுவரை ஒரு பெயரும் இல்லை. மேஸ்திரியுடையதே முதல் பெயராக ஏறியது.

அதைக் கிழித்துவிடலாம் என்றான் மைத்துனன். பொதுச் சொத்து என்றார் மேஸ்திரி.

இப்போது ஊரில் பேசிக்கொள்வது இது: வாத்து விவகாரம் தெரிந்ததும் பையன் வீட்டார் சம்பந்தத்தை முறித்துக்கொண்டார்கள். அது உண்மையில்லை. பையன் வீட்டார் முறிக்கவில்லை. அந்த அம்மாளின் அண்ணன் வீட்டுக்கு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, கொடுத்த காபியைக் குடித்து, கல்யாணத்துக்குச் சம்மதம் என்றுதான் சொன்னார். பெண்ணின் தகப்பனார் மட்டும் கல்யாணத்தன்று நாலு பேர் கண்ணில் படாமல் இருந்தால் போதும் என்றார். மேஸ்திரி உடனே சரி என்றார். வேண்டாம் என்றது பெண்.